555 நோட்டும் ஒரு வினாடியும்: டூர் டவுன் அண்டரைக் கோலாலம்பூரிலிருந்து தொடர ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கல் முடிந்து கரும்புச் சக்கையை அள்ளிப் போடும் நாட்களில் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் தொழில்முறைச் சைக்கிளோட்டப் பருவம் தொடங்கிவிடும். பந்தயத்தின் பெயர் டூர் டவுன் அண்டர். 1999-இல் தொடங்கியது. 2008-இல் உலகச் சுற்றின் உச்சப் பிரிவுக்குள் சென்றது. ஐரோப்பாவுக்கு வெளியே அந்தத் தகுதியை முதலில் பெற்ற பந்தயம் இதுதான். ஆண்களுக்கு வழக்கமாக ஆறு கட்டங்கள், அதாவது நாளுக்கு ஒன்றாக ஆறு ஓட்டங்கள், செவ்வாய் முதல் ஞாயிறு வரை. பெண்கள் பந்தயம் 2016-இல் சேர்ந்து, 2023-இல் உச்சப் பிரிவுக்கு ஏறியது. ஆண்கள் பந்தயத்துக்குச் சற்று முன்பே அது நடந்துவிடும் என்பதால், தவறவிடாமல் பார்க்க நினைப்பவர்கள் காலண்டரில் ஒரு வாரம் முன்னதாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பந்தயத்தைப் புரிந்துகொள்ள முதலில் ஒன்றை மனத்தில் பதிக்க வேண்டும்: இங்கே வெற்றி நிமிடங்களில் வராது, வினாடிகளில் வரும். 2014-இல் சைமன் கெர்ரன்ஸ், கடெல் எவன்ஸை வென்றது ஒரே ஒரு வினாடியில். 2012-இல் கெர்ரன்ஸும் அலெஹாந்த்ரோ வால்வெர்தேயும் ஆறு நாள் ஓடியும் சம நேரம். 2018-இல் டேரில் இம்பேயும் ரிச்சி போர்ட்டும் மறுபடி சம நேரம். அன்றன்று கோட்டை முதலில் தொட்டவர் யார் என்று மட்டும் பார்க்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை முடிவு விளங்கவே விளங்காது. கணக்கு வைத்துக்கொண்டு பார்க்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் விறுவிறுப்பு கூடும். இந்த வழிகாட்டி அந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான்.

தேவையானவை: ஒரு 555 நோட்டு, இரண்டு நிறப் பேனா, கைப்பேசி. 555 நோட்டு எதற்கு என்றால், மளிகைக் கடைக்காரர் கடன் எழுதும் அதே முறைதான் ஒட்டுமொத்தப் பட்டியலின் முறையும். முதலிடத்தில் இருப்பவருக்குக் கடனே இல்லை. மற்ற ஒவ்வொருவரும் அவருக்கு இத்தனை வினாடி கடன். ஆறாம் நாள் மாலை கடன் இல்லாதவர் கோப்பையை எடுத்துப் போவார்.

முதல் படி: மணியைச் சரியாக மாற்றுங்கள்

அடிலெய்டு அரை மணிக் கணக்கில் ஓடும் நகரம். சாதாரண மாதங்களில் நம்மைவிட ஒன்றரை மணி முன்னே. ஜனவரியில் அங்கே கோடைகால நேரம் என்பதால் இரண்டரை மணி முன்னே. ஒவ்வோர் ஆண்டும் பலர் தடுக்கி விழும் இடம் இது. ஒன்றரை மணியைக் கழித்துவிட்டு உட்கார்ந்தால் ஒரு மணி நேர ஓட்டத்தைத் தவறவிட்டிருப்பீர்கள். மூன்றைக் கழித்தால் அரை மணி முன்னதாக வந்து நிற்பீர்கள். கூட்டிவிட்டால் பரிசளிப்புகூட முடிந்திருக்கும். இரண்டரையைக் கழியுங்கள். அங்கே காலை 11 மணிக்குத் தொடங்கும் கட்டம் நமக்கு 8.30. பிற்பகல் 2.45-க்கு முடிவது நமக்கு 12.15.

இதைவிட வசதியான நேரம் நமக்குக் கிடைக்காது. மார்ச்சில் பாரிஸ்–நீஸ் பந்தயம் நடக்கும்போது பிரான்ஸ் நம்மைவிட ஏழு மணி பின்னால் இருக்கும். அங்கே மாலை 4 என்றால் இங்கே இரவு 11. டூர் டவுன் அண்டரோ பகல் உணவு நேரத்தில் முடிகிறது. வேலைக்குப் போகிறவர்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலை விரித்து உட்காரும் நேரத்தில் கடைசி 20 கி.மீ. ஓடிக்கொண்டிருக்கும். முழுதும் பார்க்க முடியாத நாளில் அந்த 20 கி.மீ. போதும், ஏறத்தாழ அரை மணி நேரம்தான். ஒளிபரப்பு உரிமை ஆண்டுக்கு ஆண்டு கைமாறக்கூடும். எந்தச் சேனல், எந்தச் செயலி என்று பந்தயத்தின் அதிகாரபூர்வப் பக்கத்தில் ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். அதே பக்கத்தில் ஒவ்வொரு கட்டத்தின் தொடக்க நேரமும் எதிர்பார்க்கப்படும் முடிவு நேரமும் இருக்கும். முடிவு நேரம் சராசரி வேகத்தை வைத்துப் போடப்படுவது. எதிர்காற்று அடித்தால் கால் மணி தள்ளும், பின்காற்று தள்ளினால் கால் மணி முந்தும். ஆகவே சொன்ன நேரத்துக்கு 45 நிமிடம் முன்பே திரையைத் திறந்து வையுங்கள்.

இரண்டாம் படி: எண்ணைப் பார்த்து ஆளைப் பிடியுங்கள்

ஓர் அணிக்கு 7 பேர். சுமார் 20 அணிகள் என்றால் 140 பேர். இவர்கள் எல்லாரையும் பெயரோடு தெரிந்துவைக்கத் தேவையில்லை, எண் முறை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு பத்து ஒதுக்கப்படும்: 1 முதல் 7 வரை ஓர் அணி, 11 முதல் 17 வரை அடுத்தது, 21 முதல் 27 வரை அதற்கடுத்தது. 8, 9, 0 என்று முடியும் எண்களே இருக்காது. சென்ற ஆண்டு வென்றவர் வந்திருந்தால் அவருக்கு 1. மற்ற அணிகளில் 1-இல் முடியும் எண் பெரும்பாலும் அணித் தலைவருக்குப் போகும்: 11, 21, 31. எனவே மலை ஏறும்போது முன்னால் 52, 53, 54 எண்காரர்கள் மூச்சு வாங்கி இழுத்துக்கொண்டிருந்தால், பின்னால் 51 பத்திரமாக ஒதுங்கி வருகிறாரா என்று தேடுங்கள். அவருக்காகத்தான் அந்த உழைப்பு.

எண் முதுகின் கீழ்ப்புறத்திலும் சைக்கிளில் இருக்கைக்கு அடியிலும் இருக்கும். ஹெலிகாப்டர் காட்சியில் இரண்டுமே தெரியாது. அப்போது சட்டை நிறம்தான் கை கொடுக்கும். பருவத் தொடக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே வரும். ஜனவரி 1 அன்று அணி மாறியவர்கள் புதிய சட்டையில் வந்திருப்பார்கள், பழைய அணிகளும் சட்டை வடிவத்தை மாற்றியிருக்கும். சென்ற ஆண்டு மனத்தில் பதிந்த நிறங்களை நம்பினால் முதல் இரண்டு நாள் தப்புத் தப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஜனவரித் தொடக்கத்தில் ஆஸ்திரேலியத் தேசியப் போட்டியும் நடக்கும். வென்றவர் அணிச் சட்டைக்குப் பதிலாகப் பச்சை–தங்க நிறத்தில் வருவார். அவரை வேறு அணிக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். நோட்டின் முதல் பக்கத்தில் அணிக்கு ஒரு வரி எழுதி, சட்டை நிறத்தை இரண்டு சொல்லில் குறித்துக்கொள்ளுங்கள். முதலிடக்காரரின் சட்டை இங்கே மஞ்சள் அல்ல. ஆஸ்திரேலிய மண்ணின் காவி நிறம். கோவில் சுவரில் அடிக்கும் காவியை நினைத்துக்கொண்டால் திரையில் உடனே பிடிபடும்.

யாரைக் கவனிப்பது? எல்லா அணித் தலைவர்களையும் அல்ல. எட்டுப் பேர் போதும். அதில் இரண்டு மூன்று ஆஸ்திரேலியர்களை அவசியம் சேருங்கள். ஐரோப்பியர்கள் குளிர்காலத்திலிருந்து நேரே வருகிறார்கள். பலருக்கு இது ஆண்டின் முதல் பந்தயம், உச்சத் தகுதியை ஜூலையில் நடக்கும் டூர் டி பிரான்ஸுக்கென்று சேமித்து வைப்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியர்களுக்கு இது கோடை, சொந்தச் சாலை, சொந்தச் சனம். கெர்ரன்ஸ் நான்கு முறை வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் மலையில் மட்டும் வல்லவர்களை எழுதினால் பட்டியல் பாழ். கூட்டமாக முடியும் நாளிலும் முதல் மூன்றுக்குள் வரக்கூடியவர், குட்டி மலையையும் தாங்கக்கூடியவர் யார் என்று தேடுங்கள். இந்தப் பந்தயம் அத்தகையவர்களையே அதிகம் விரும்பியிருக்கிறது.

மூன்றாம் படி: மேடு பள்ளப் படத்தைப் படியுங்கள்

ஒவ்வொரு கட்டத்துக்கும் பக்கவாட்டு உயரப் படம் ஒன்று வெளியாகும். அதைப் பார்த்ததும் எல்லாமே இமயமலை போலத் தோன்றும். உயர அளவை இழுத்து வரைந்திருப்பார்கள் என்பதே காரணம். படத்தின் கூர்மையை விட்டுவிட்டு மூன்று எண்களை மட்டும் எடுங்கள்: கடைசி ஏற்றம் எவ்வளவு நீளம், சராசரிச் சரிவு எத்தனை சதவீதம், உச்சியிலிருந்து முடிவுக் கோடு எத்தனை கி.மீ. தூரம்.

மூன்றாவது எண்தான் பலர் விட்டுவிடுவது. உச்சியிலேயே கோடு இருந்தால் ஏறுபவருக்கு வெற்றி. உச்சிக்கும் கோட்டுக்கும் இடையே 5 கி.மீ. இறக்கம் என்றால் துணிந்து இறங்குபவருக்கும் வாய்ப்பு. 20 கி.மீ. சமதளம் என்றால் பின்தங்கியவர்கள் திரும்பி ஒட்டிக்கொள்வார்கள், ஏறியது பெரும்பாலும் வீண்.

இந்தப் பந்தயத்தின் புகழ்பெற்ற ஏற்றம் வில்லுங்கா மலை. சுமார் 3 கி.மீ. நீளம், சராசரிச் சரிவு ஏறக்குறைய 7.5 சதவீதம். அதாவது 3,000 மீட்டர் ஓடுவதற்குள் சுமார் 225 மீட்டர் உயரம். முன்னணியில் இருப்பவர்கள் அதை ஏழு நிமிடத்துக்குள் ஏறிவிடுவார்கள். அந்த வேகம் என்னவென்று உடம்புக்குத் தெரிய வேண்டுமானால், உலு லங்காட் பக்கமோ கோம்பாக் பழைய சாலையிலோ கைப்பேசி வரைபடத்தில் 3 கி.மீ.-க்கு 225 மீட்டர் ஏறும் துண்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, ஒரு ஞாயிறு காலை ஏறிப் பாருங்கள். நல்ல பயிற்சியுள்ளவருக்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதன் பிறகு திரையில் பார்ப்பது வேறு மாதிரி இருக்கும்.

இவ்வளவு குறுகிய ஏற்றத்தில் இடைவெளி ஏன் வினாடிகளிலேயே நின்றுவிடுகிறது? இரண்டு காரணம். ஒன்று, ஏழு நிமிடத்தில் ஒருவர் மற்றவரைவிட மூன்று சதவீதம் வேகமாக ஏறினாலும் கிடைப்பது சுமார் 12 வினாடிதான். இரண்டு, மணிக்கு 26, 27 கி.மீ. வேகத்தில் 7 சதவீதச் சரிவிலும் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் காற்று கொஞ்சம் மிச்சமாகும். வலுக்குறைந்தவரும் தொங்கிக்கொண்டே வந்துவிடலாம். ரிச்சி போர்ட் 2014 முதல் 2019 வரை ஆறு ஆண்டு தொடர்ந்து வில்லுங்கா உச்சியில் முதலாவதாக வந்தார். அந்த ஆறு ஆண்டுகளில் ஒட்டுமொத்தக் கோப்பை அவருக்குக் கிடைத்தது 2017-இல் ஒரே முறை. இரண்டாவது கோப்பை 2020-இல் வந்தது, அந்த முறை வில்லுங்காவில் அவர் முதலிடம் பெறவில்லை. மலையில் மன்னராக இருந்தும் இந்த நிலை ஏன் என்பதற்கு விடை அடுத்த படியில் இருக்கிறது.

ஒப்பிட நம் கெந்திங்கை நினையுங்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் வரை போகும் மலை, கோத்தோங் ஜெயாவுக்கு மேல் சரிவு கொடுமை. நம் நாட்டின் பந்தயமான டூர் டி லங்காவியில் அந்தக் கட்டம் வரும் ஆண்டுகளில் இடைவெளி அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று விரியும். அன்றே கோப்பையின் முகவரி எழுதப்பட்டுவிடும். 2022-இல் கொலம்பியாவின் இவான் சோசா கெந்திங் கட்டத்தையும் வென்று பந்தயத்தையும் வென்றார். அங்கே வினாடி எண்ண வேண்டியதில்லை. அடிலெய்டில் எண்ணியே ஆக வேண்டும்.

நான்காம் படி: கடன் கணக்கு எழுதுங்கள்

வழிகாட்டியின் உயிர் இந்தப் பகுதி. நிதானமாகப் படியுங்கள்.

ஒருவருடைய ஒட்டுமொத்த நேரம் என்பது எல்லாக் கட்டங்களிலும் அவர் எடுத்த நேரத்தின் கூட்டல், அதிலிருந்து போனஸ் வினாடிகள் கழித்தல். போனஸ் இரண்டு இடத்தில் கிடைக்கும். கட்டத்தின் முடிவில் முதல் மூவருக்கு 10, 6, 4 வினாடி. வழியில் வைத்திருக்கும் இடைநிலை ஸ்பிரிண்டுகளில், அதாவது குறித்த கோட்டை முதலில் தொட முழு வேகத்தில் பாயும் இடங்களில், முதல் மூவருக்கு 3, 2, 1.

அடுத்து, கூட்டமாக வந்தால் கூட்டத்துக்கு ஒரே நேரம். நூறு பேர் சேர்ந்து வந்தாலும் முதல் ஆளுக்கு என்ன நேரமோ அதுவே நூறாவது ஆளுக்கும். நடுவில் இடைவெளி விழுந்தால்தான் புதிய நேரம். பொதுவாக ஒரு வினாடி இடைவெளியே பிரிவாகக் கருதப்படும், கூட்ட ஸ்பிரிண்டில் முடியும் என்று முன்கூட்டியே அறிவித்த கட்டங்களில் அதை மூன்று வினாடி வரை தளர்த்துவார்கள். இல்லையென்றால் ஒவ்வொருவரும் அரை வினாடிக்காக முட்டி மோதி விழுவார்கள்.

நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். நான்கு பத்தி: கட்டம், இழந்த வினாடி, பெற்ற போனஸ், வந்த இடம். இழப்பைச் சிவப்பில் கூட்டல் குறியோடும் போனஸை நீலத்தில் கழித்தல் குறியோடும் எழுதுங்கள். கடைசிப் பத்தியான இடத்தைப் பலர் எழுத மாட்டார்கள். அதன் அவசியம் பின்னால் தெரியும்.

கற்பனையாக மூன்று பேரை வைத்துப் போட்டுப் பார்ப்போம்: குமரன், சேகர், வேலு. முதல் கட்டம் கூட்டமாக முடிகிறது. குமரன் முதலாவது, சேகர் மூன்றாவது, வேலு நாற்பதாவது. மூவருக்கும் ஒரே நேரம், ஆனால் குமரனுக்கு 10 போனஸ், சேகருக்கு 4. குமரன் காவிச் சட்டை அணிகிறார். சேகர் அவருக்கு 6 வினாடி கடன், வேலு 10 வினாடி கடன்.

இரண்டாம் கட்டம் மேடுகள் நிறைந்தது. வழியில் ஓர் இடைநிலை ஸ்பிரிண்டில் சேகர் முதலாவதாகப் போய் 3 எடுக்கிறார். முடிவில் வேலு முதலாவது, சேகர் இரண்டாவது, ஒரே நேரம். குமரன் மேட்டில் திணறி 25 வினாடி பின்தங்குகிறார். கணக்கு: சேகரின் போனஸ் 4, 3, 6, மொத்தம் 13. வேலுவுக்கு 10. குமரனுக்கு 10 போனஸும் 25 இழப்பும், நிகரம் 15 இழப்பு. சட்டை சேகரிடம். வேலு 3 வினாடி கடன், குமரன் 28 வினாடி கடன். ஒரு கட்டத்தையும் வெல்லாத சேகர் முன்னணியில் இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாம், நான்காம் கட்டங்களில் இவர்களுக்கு இடையே மாற்றம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம் நாள் மலை. வேலு உச்சியில் முதலாவது, 10 போனஸ். சேகர் இரண்டாவது, 3 வினாடி பின்னால், 6 போனஸ். வேலுவின் மொத்தம் கழித்தல் 20. சேகரின் மொத்தம் கழித்தல் 16. சட்டை வேலுவிடம், 4 வினாடி வித்தியாசத்தில். ஆறாம் நாள் வழியில் இரண்டு இடைநிலை ஸ்பிரிண்ட், முடிவில் ஒன்று. சேகர் முதல் ஸ்பிரிண்டில் 3, இரண்டாவதில் 2 எடுத்து, வேலு ஒன்றும் எடுக்காவிட்டால் ஒரு வினாடியில் கோப்பை சேகருக்கு. அதனால்தான் கடைசி நாளில், சுற்றுலா ஊர்வலம் போலத் தெரியும் நகரச் சுற்றில், காலை ஒன்பதரைக்கே அணிகள் உயிரைக் கொடுத்து ஓடும். ஒளிபரப்பை மதியம் திறப்பவர்கள் அதைத் தவறவிடுவார்கள். முதல் மூன்று பேருக்கு இடையே 10 வினாடிக்குள் இருந்தால் ஞாயிறன்று மட்டும் தொடக்கத்திலிருந்தே பாருங்கள்.

நிஜத்தில் இது நடந்ததற்கு 2016 நல்ல பாடம். போர்ட் வில்லுங்காவை வென்றார். கெர்ரன்ஸ் அதற்கு முன்பே இரண்டு கட்டங்களை வென்று போனஸ் சேர்த்து வைத்திருந்தார். முடிவில் கெர்ரன்ஸுக்கு 9 வினாடி முன்னிலை.

சமநேரம் வந்தால்? ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தை எதிர்த்து ஓடும் தனிநபர் நேர ஓட்டம் ஒன்று இருந்திருந்தால் அதில் பதிவான வினாடியின் நுண்பகுதிகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். அது இல்லையென்றாலோ அப்போதும் சமம் என்றாலோ ஒவ்வொரு கட்டத்திலும் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். குறைந்த கூட்டுத்தொகைக்கு வெற்றி. இதற்குத்தான் நான்காம் பத்தி. 2018-இல் இம்பே ஒரு கட்டத்தைக்கூட வெல்லவில்லை. ஆனால் நாள்தோறும் முன்வரிசையில் முடித்திருந்தார். போர்ட் ஸ்பிரிண்ட் நாட்களில் கூட்டத்தின் நடுவே பத்திரமாக வந்தவர். கூட்டுத்தொகை இம்பே பக்கம் சாய்ந்தது. அடுத்த ஆண்டும் அவரே வென்றார். கூட்டத்தில் 15-ஆவதாக வருவதும் 60-ஆவதாக வருவதும் ஒன்றுதான் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடையாது.

கணக்கு எங்கே பிசகும்

உங்கள் நோட்டும் அதிகாரபூர்வப் பட்டியலும் ஒத்துப்போகாவிட்டால் பெரும்பாலும் காரணம் இவற்றுள் ஒன்று.

திரையில் ஓடும் இடைவெளி செயற்கைக்கோள் கருவியின் மதிப்பீடு. அது இரண்டு மூன்று வினாடி முன்பின் ஆகும். அதை நோட்டில் ஏற்றாதீர்கள். பென்சிலில் வேண்டுமானால் குறியுங்கள். நடுவர்கள் முடிவுக் கோட்டுப் படத்தைப் பார்த்து வெளியிடும் பட்டியல் வந்த பிறகே பேனா.

கடைசி 3 கி.மீ. விதி. அந்த எல்லைக்குள் விழுந்தவருக்கும் டயர் வெடித்தவருக்கும் விபத்து நேரத்தில் எந்தக் கூட்டத்தோடு இருந்தாரோ அந்தக் கூட்டத்தின் நேரம் கொடுக்கப்படும். நொண்டிக்கொண்டு நான்கு நிமிடம் கழித்து வந்தவர் பட்டியலில் ஒரு வினாடியும் இழக்காமல் இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சில ஸ்பிரிண்ட் கட்டங்களில் இந்த எல்லையை 5 கி.மீ. வரை நீட்டுவதும் உண்டு. மலை உச்சியில் முடியும் கட்டத்தில் இந்தச் சலுகை கிடையாது. வில்லுங்காவில் சங்கிலி கழன்றால் கழன்றதுதான்.

இன்னொன்று, போனஸை இருமுறை கழிப்பது. அறிவிப்பாளர் இந்த நொடியில் இன்னார் முன்னிலை என்று சொல்லும்போது போனஸைச் சேர்த்தும் சொல்வார், சேர்க்காமலும் சொல்வார். உங்கள் நோட்டை மட்டும் நம்புங்கள்.

ஐந்தாம் படி: ஓடும்போது எதைப் பார்ப்பது

தொடங்கிய சிறிது நேரத்தில் மூன்று நான்கு பேர் கூட்டத்தை விட்டுப் பிரிந்து ஓடுவார்கள். கூட்டம் அவர்களை விடும். காவிச் சட்டை அணி முன்னால் வந்து ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டிருக்கும். முன்னால் ஓடும் குழுவில் யாருக்காவது கடன் குறைவாக இருக்கிறதா என்று நோட்டைப் பாருங்கள். 15 வினாடி கடன்காரர் அங்கே இருந்தால் கூட்டம் விடவே விடாது. 5 நிமிடம் கடன்காரர் என்றால் தாராளமாக விடும். ஓடிப்போன குழுவால் காவிச் சட்டைக்கு ஒரு மறைமுக லாபமும் உண்டு: இடைநிலை ஸ்பிரிண்டின் 3, 2, 1 அவர்களோடு போய்விடும், நெருங்கிய எதிரிக்குக் கிடைக்காது. ஆகவே காலையில் கூட்டம் அவசரமாகத் துரத்தினால், எதிரி அணி அந்த மூன்று வினாடிக்குக் கண் வைத்திருக்கிறது என்று பொருள்.

பிடிபடுவார்களா என்று கணிக்கச் சைக்கிளோட்ட உலகில் பழைய கணக்கு ஒன்று புழக்கத்தில் உண்டு: முழு மூச்சாகத் துரத்தும் கூட்டம் 10 கி.மீ.-க்கு ஒரு நிமிடம் மீட்கும். 30 கி.மீ. மீதம், இடைவெளி 2 நிமிடம் 30 வினாடி என்றால் பிடித்துவிடுவார்கள். 20 கி.மீ.-இல் இன்னும் 2 நிமிடம் 30 என்றால் நாற்காலி நுனிக்கு வாருங்கள். வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே நான்கு பேர் நூறு பேரைவிட வேகமாகத் திரும்புவார்கள்.

கடலோரம் ஓடும் நாட்களில் மரங்களைப் பாருங்கள், கொடிகளைப் பாருங்கள். பக்கக்காற்று அடித்தால் ஒருவர் பின் ஒருவர் போனாலும் காற்று மறையாது. சாலையின் அகலம் முழுதும் சாய்வாக வரிசை கட்டினால்தான் மறையும். அந்தச் சாய்வு வரிசையில் 15 பேருக்கு மேல் இடம் இருக்காது. பதினாறாவது ஆள் சாலை ஓரத்தில் முழுக் காற்றையும் வாங்கி, ஒரு சக்கர இடைவெளி விட்டால் அவ்வளவுதான், கூட்டம் துண்டாகிவிடும். மலையே இல்லாத நாளில் 30 வினாடி போவது இப்படித்தான்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. அடிலெய்டு ஜனவரியில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. 2018-இல் வெப்பத்தால் ஒரு கட்டத்தின் தூரத்தையே குறைத்தார்கள். நமக்கு 33 டிகிரியே சுடுகிறதே, இவர்கள் எப்படி என்று தோன்றும். அங்கே காற்று வறண்டது, வியர்வை உடனே காய்ந்து உடம்பைக் குளிர்விக்கும். கோலாலம்பூரில் ஈரக்காற்று, வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. இரண்டுக்கும் உத்தி வேறு. அங்கே ஓட்டக்காரர்கள் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் குடிக்கிறார்கள், மெல்லிய காலுறையில் பனிக்கட்டி நிரப்பிக் கழுத்துக்குப் பின்னால் சட்டைக்குள் செருகிக்கொள்கிறார்கள். குப்பி வாங்க ஆள் அணிக் காரருகே போவதைப் பாருங்கள். ஆறேழு குப்பியைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு திரும்பி முன்னேறுவார். அவர் 1-இல் முடியும் எண்காரராக இருக்கவே மாட்டார்.

ஆறாம் படி: கற்றதை நம் சாலையில் பாருங்கள்

டூர் டி லங்காவி 1996-இல் தொடங்கியது. 2020 வரை ஆண்டின் முற்பகுதியில் நடந்துவந்த பந்தயம். 2022 முதல் செப்டம்பர், அக்டோபர் பக்கம் நகர்ந்துவிட்டது. எழுதப் பழகிய அதே நோட்டு இங்கேயும் உதவும். ஆனால் சாலையோரத்தில் நிற்பது வேறு கலை.

சமதளத்தில் நிற்காதீர்கள். கூட்டம் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். மூன்று மணி நேரம் வெயிலில் நின்றதற்குக் கிடைப்பது பதினைந்து வினாடி. கெந்திங் கட்டம் இருக்கும் ஆண்டில் மேலே போங்கள். சரிவு அதிகமான இடத்தில் ஒவ்வொருவராகப் பிரிந்து வருவார்கள், முகம் தெரியும், எண் தெரியும், முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையே அரை மணிகூட ஆகும். வளைவின் உள்பக்கம் வேண்டாம், ஓட்டக்காரர்கள் அங்கேதான் ஒட்டித் திரும்புவார்கள். வெளிப்பக்கத்தில், தடுப்புக்குப் பின்னால், கீழே இருந்து வரும் சாலை 200 மீட்டராவது தெரியும் இடமாகப் பாருங்கள்.

சாலை மூடும் நேரத்துக்கு இரண்டு மணி முன்பே மேலே இருக்க வேண்டும். மூடிய பிறகு காரும் ஏறாது, மோட்டார் சைக்கிளும் ஏறாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, கெந்திங் என்றால் மழைச்சட்டையும் ஒரு மெல்லிய கம்பளிச் சட்டையும். மலையடியில் வெயில் கொளுத்தும்போதே மேலே மூடுபனி இறங்கிக் கைவிரல் விறைக்கும். கட்டி எடுத்துப் போன நாசி லெமாக்கை ஓட்டக்காரர்கள் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், காகிதம் சாலைக்குப் பறக்காமல் பையில் போடுங்கள். குழந்தை கையை விடவே கூடாது. கைப்பேசியில் படம் எடுக்கச் சாலைக்குள் கை நீட்டாதீர்கள். திரையில் தூரமாகத் தெரியும் ஹேண்டில்பார் நிஜத்தில் முழங்கையை இடித்துவிடும்.

வரிசை இப்படி வரும்: முதலில் போலீஸ் மோட்டார் சைக்கிள்கள், பிறகு நடுவர் கார், முன்னணிக் குழு, அவர்கள் அணிக் கார்கள், பெரிய கூட்டம், அதன் பின் அணிக் கார்களின் நீண்ட தொடர். இதோடு முடிந்தது என்று பாதிப் பேர் சாலையில் இறங்கிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான். டயர் பஞ்சராகிப் பின்தங்கியவர் அந்தக் கார்களின் ஊடே முழு வேகத்தில் வருவார். அவருக்குப் பின்னால் ஸ்பிரிண்ட் ஓட்டக்காரர்கள், நேர வரம்புக்குள் முடித்தால் போதும் என்று ஒன்றாகச் சேர்ந்து ஏறுவார்கள். அவர்களுக்கும் கை தட்டுங்கள். முன்னால் போனவருக்குக் குப்பி சுமந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். எல்லாருக்கும் கடைசியில் ஓட்டத்தைக் கைவிட்டவர்களை ஏற்றிக்கொள்ளும் வண்டி, அதன் பின் மருத்துவ ஊர்தி, சாலையைத் திறக்கும் போலீஸ் வாகனம். அது கடந்த பிறகு சாலையில் கால் வையுங்கள்.